வாசலுக்கு வந்த கண் மருத்துவம்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் பார்வைக் காப்பின் வரலாறு

பாலாற்றின் கரையோரமாக இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தொடர்ந்து, வடக்கே குடியாத்தத்தையும் பேரணாம்பட்டையும் தொட்டு நிற்கும் நிலப்பகுதி, தோல் பதனிடும் தொழிலின் பெயராலேயே வரலாற்றில் இடம்பெற்றுவருகிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1989இலும் 2019இலும் நடந்த பிரிவினைகளுக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள் வந்துவிட்ட இவ்வட்டாரத்துக்குத் தோலைப் போலப் பேசப்படாத இன்னொரு வரலாறும் உண்டு. உழவரும் கூலித் தொழிலாளரும் வீணாகப் பார்வை இழப்பதைத் தடுக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இங்கே நடந்துவந்த முயற்சிகளின் வரலாறு அது.

மருத்துவ நூல்கள் 'தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு' என்று குறிப்பிடுவது இரண்டு வகைகளை உள்ளடக்கியது. சத்துக் குறைவாலும் தொற்றாலும் காயத்தாலும் நேர்வது, முன்கூட்டியே கவனித்தால் வராமலே தடுக்கத்தக்கது. கண்புரையால் நேர்வது, வந்த பின்னரும் அறுவையால் மீட்கத்தக்கது. இவ்விரண்டுக்கும் இடையில் நூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத வேறுபாடொன்று உள்ளது. கண்ணின் உள்ளிருக்கும் வில்லை மங்கிப்போவதால் உண்டாகும் புரை, மருத்துவர் வரும்வரை பெரும்பாலும் பொறுமையாகக் காத்திருக்கும். ஐந்தாண்டு கழித்து அகற்றினாலும் பார்வை திரும்பக்கூடும். ஆனால் சத்தின்றிக் கரையும் குழந்தையின் கருவிழியோ, சுண்ணாம்பு தெறித்த கண்ணோ, தொழுநோயால் இமை மூடாமற்போன கண்ணோ அவ்வாறு காத்திருப்பதில்லை. வேலூர் வட்டாரத்தின் கண் மருத்துவ வரலாறு, காத்திருக்கும் பார்வையிழப்பை வெல்வதில் பெற்ற பெரும் வெற்றியையும், அந்த வெற்றியின் நிழலில் மற்றவை நெடுங்காலம் மறைந்து கிடந்ததையும் சேர்த்தே காட்டுகிறது.

கண் மருத்துவம் தமிழகத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் 1819ஆம் ஆண்டிலேயே சென்னையில் கண் மருத்துவமனை நிறுவப்பட்டுவிட்டது. பின்னர் எழும்பூருக்கு மாற்றப்பட்ட அந்நிறுவனம் உலகின் மிகப் பழைய தனிக் கண் மருத்துவமனைகளுள் ஒன்று. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை போடப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியே மேற்கு நோக்கி நீண்டது. ஆவாரம்பட்டையில் பதமிடப்பட்ட தோல்கள் அந்த இரயிலில் சென்னைத் துறைமுகத்துக்கும், அங்கிருந்து இலண்டன் சந்தைக்கும் சென்றன. அதே இரயில் எழும்பூர்க் கண் மருத்துவமனைக்கும் வழிதான் என்றாலும், புரை விழுந்த கிழவர் ஒருவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டே இருந்தது. பார்வையற்றவரால் தனியே பயணம் செய்ய இயலாது. கூட வருபவர் நாள் கூலியை இழக்க வேண்டும். இருவருக்கும் பட்டணத்தில் சோற்றுக்கும் தங்குவதற்கும் பணம் வேண்டும். அதற்கும் மேலாக, கண்ணில் கத்தி வைக்கப் போகும் வெள்ளைக்காரரையோ அவரது உதவியாளரையோ நம்ப வேண்டும். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் இத்தனையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. மருத்துவச் செலவை மட்டும் கணக்கிடும் நிர்வாகங்கள் இந்த எளிய உண்மையை உணர்ந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இந்த இடைவெளியில் ஊர் ஊராகச் சென்று தொழில் செய்தவர் நாட்டுக் கண் வைத்தியர். ஊசி போன்ற கருவியால் கண்ணைக் குத்தி, மங்கிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கண்ணின் உட்பகுதிக்குத் தள்ளிவிடும் அவரது முறை, சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே விவரிக்கப்பட்ட பழமை உடையது. வில்லை விலகியவுடன் ஒளி உள்ளே புகுவதால் நோயாளி அங்கேயே விரல்களை எண்ணுவார். வைத்தியரும் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பின்னர் சீழ் பிடித்தும், கண்ணின் உள்ளழுத்தம் ஏறியும் அக்கண்களுள் பல அடியோடு கெட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பூர் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு குத்தப்பட்டுக் கெட்ட கண்களைச் சேகரித்து ஆராய்ந்து 1917இல் தனி நூலே வெளியிட்டார். அவருடைய கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சேதம் இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் மக்கள் ஏன் தொடர்ந்து அவ்வைத்தியரிடம் கண்ணைக் காட்டினர் என்ற கேள்விக்கு, அறியாமை என்ற ஒற்றை விடை போதாது. அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர்கள் மொழியில் பேசினார். அறுவடைக்குப் பின் நெல்லாகவும் கூலி வாங்கிக்கொள்ளத்தக்கவராக இருந்தார். பின்னாளில் வேலூரிலிருந்து புறப்பட்ட கண் முகாம்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த வைத்தியர் நடந்த தடத்திலேயே சென்றன எனலாம்.

வேலூரின் மருத்துவ வரலாறு இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா சோஃபியா ஸ்கடரிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்து, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு திரும்பிவந்த அவர், முதலில் ஒற்றைப் படுக்கையுடன் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கின் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த நன்கொடையில் 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரணி சாலையில் அமைந்த அந்தக் கட்டடமே, பொது மருத்துவமனை ஊரின் நடுவிலுள்ள இன்றைய இடத்துக்கு மாறிய பின்னர், வட்டார மக்கள் 'ஷெல் கண் ஆஸ்பத்திரி' என்று வழங்கும் கண் மருத்துவமனையாயிற்று. ஆனால் இவ்வரலாற்றுக்குக் கட்டடத்தைவிட முக்கியமானது ஸ்கடர் தொடங்கிய சாலையோர மருத்துவம். குடியாத்தம் செல்லும் வழியில் குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்கே காத்திருப்போரைப் பார்த்து மருந்து கொடுத்துச் செல்லும் ஏற்பாடு அது. நோயாளி மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற எழுதப்படாத விதியை வேலூர் முதன்முதலாக மீறியது அந்தச் சாலையில்தான். இருப்பினும் மரத்தடியில் புண்ணைக் கழுவலாம், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாம். புரையை எடுக்க முடியாது.

அந்தக் குறையை நீக்கியவர் விக்டர் ரேம்போ. இமயமலைப் பகுதியிலுள்ள லண்டூரில் 1894இல் பிறந்த இந்த அமெரிக்கர், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள முங்கேலியில் 1920களிலிருந்து மிஷன் மருத்துவராகப் பணிபுரிந்து, 1947இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைமையேற்க வந்தார். மகளிருக்கென ஸ்கடர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பட்டப் படிப்புக் கல்லூரியாக உயர்ந்து, ஆண் மாணவரையும் சேர்க்கத் தொடங்கிய காலம் அது. புரையால் பார்வையிழந்தோர் ஆயிரக்கணக்கில் கிராமங்களில் இருக்க, மருத்துவமனைக்கு வருவோர் அவர்களுள் மிகச் சிலரே என்பதை முங்கேலியில் கண்டிருந்த ரேம்போ, அறுவைக் கூடத்தையே கிராமத்துக்கு எடுத்துச் செல்வது என்ற முடிவை வேலூரில் விரிவாகச் செயல்படுத்தினார். பஞ்சாபில் ஹென்றி ஸ்மித் போன்றோர் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருந்தொகையான புரை அறுவைகளைச் செய்து காட்டியிருந்தனர். கண் முகாம் என்ற கருத்தும் ரேம்போ ஒருவரின் கண்டுபிடிப்பன்று. மருத்துவக் கல்லூரியொன்றின் வழக்கமான பணியாக, மாணவரும் செவிலியரும் கற்கும் களமாக அதை ஆக்கியதே வேலூரின் தனித்தன்மை.

அக்காலத்து முகாமின் நடைமுறை ஊருக்கு ஊர் சற்றே வேறுபட்டாலும் அடிப்படையில் ஒன்றுபோலவே இருந்தது. சில நாட்களுக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, பள்ளிக்கூடமோ சத்திரமோ ஓய்ந்து கிடக்கும் நெல் அரவை ஆலையோ இடமாகப் பெறப்படும். சுற்றுவட்டாரங்களில் தண்டோரா போடப்படும். குறித்த நாளில் மாட்டு வண்டிகளிலும், பேரப்பிள்ளைகள் கோலின் ஒரு முனையைப் பிடித்து நடத்திவர மறுமுனையைப் பற்றியும் வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கானோரை மருத்துவர்கள் கைவிளக்கால் சோதிப்பர். புரை முற்றியவர்கள் ஒருபுறம் பிரிக்கப்படுவர்; மருந்தால் தீரும் நோயுடையோர் மருந்துடன் திரும்புவர்; நரம்பு பட்டுப்போனவர்களிடம் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லும் கடமை யாரேனும் ஓர் இளம் மருத்துவருக்கு வாய்க்கும். சுண்ணாம்படித்துக் கழுவிய அறையில் மேசைகளை வரிசையாகப் போட்டு, கொதிக்கவைத்த கருவிகளைக் கொண்டு, மரத்துப்போகும் ஊசி மட்டும் செலுத்தி, வில்லையை அதன் உறையுடன் சேர்த்து வெளியே எடுக்கும் அறுவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். அறுவைக்குப் பின் கண் கட்டப்பட்டு, தலை அசையக் கூடாது என்ற எச்சரிக்கையுடன் நோயாளிகள் தரையில் விரித்த பாய்களில் நாட்கணக்கில் படுத்திருப்பர். உறவினர் வெளியே அடுப்புக் கூட்டிக் கஞ்சி காய்ச்சுவர், அல்லது ஊராரே பொதுச் சமையலுக்குப் பொறுப்பேற்பர். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் கட்டவிழ்க்கும் நாளில் கண்ணாடி வழங்கப்படும்.

அந்தக் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. இயற்கை வில்லையை அகற்றிய கண்ணுக்கு அதன் திறனை ஈடுசெய்யத் தடித்த குவி ஆடி தேவை. மக்கள் 'சோடாபுட்டிக் கண்ணாடி' என்று கேலியும் பரிவும் கலந்து அழைத்தது இதைத்தான். அதன் வழியே தெரியும் உருவங்கள் நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது புலப்படாமல் இருந்து திடீரென எதிரே தோன்றும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் காட்சிகளும் ஒன்றிணையா. வரப்பில் நடப்பவருக்கும் கிணற்றடியில் நீர் இறைப்பவருக்கும் இவை சிறு தொல்லைகள் அல்ல. அத்துடன், கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால் அவர் அன்றே மீண்டும் பார்வையற்றவராகிவிடுவார். புதிய கண்ணாடி வாங்க மறுபடியும் பட்டணப் பயணம். முகாம் அறிக்கைகளில் வெற்றியாகப் பதிவானவருள் எத்தனையோ பேர் இவ்வாறு ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பியிருக்கக்கூடும். அறுவைகளை எண்ணுவது எளிது, பார்வைகளை எண்ணுவது கடினம் என்பதால், நெடுங்காலம் அறுவைகளே எண்ணப்பட்டன.

ரேம்போ வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தென்னிந்தியாவின் வேறொரு கண் நோய் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருந்தது. எழும்பூர் மருத்துவமனையின் மற்றொரு கண்காணிப்பாளரான ரைட் என்பவர் 1922இல் தென்னிந்தியாவின் கருவிழி உருக்கு நோயைப் பற்றி எழுதினார். உணவில் வைட்டமின் ஏ குறையும்போது முதலில் மாலைக்கண் தோன்றும். அந்தி சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும். பின்னர் வெள்ளைவிழி பளபளப்பை இழந்து வறளும். அந்நிலையில் மணல்வாரி அம்மையோ பேதியோ கண்டால், தெளிந்த கருவிழி சில நாட்களுக்குள், சில சமயம் ஓரிரவிலேயே, மெழுகைப் போல உருகிவிடும். பிழைத்த குழந்தைக்குக் கண்ணில் வெண்மையாகப் 'பூ விழுந்து' நிற்கும். பல குழந்தைகள் பிழைப்பதே இல்லை. முருங்கைக்கீரையும் அகத்தியும் வேலியோரம் வளரும் நாட்டில், தாய்ப்பால் மறந்த குழந்தைக்கு வெறும் அரிசிக் கஞ்சியே ஊட்டப்பட்டதால் நேர்ந்த கேடு இது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அறுவை முகாமுக்கு இந்நோயிடம் வேலையில்லை. முகாம் வரும்போது அக்கண் ஒன்று ஏற்கெனவே கெட்டிருக்கும், அல்லது இன்னும் கெடாதிருக்கும். இரண்டு நிலையிலும் அறுவைக்கென்று வரிசையில் நிற்போரிடையே அந்தக் குழந்தை தென்படாது.

இந்த நோயைப் பின்னுக்குத் தள்ளியவை கண் மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் புகட்டும் நாடளாவிய திட்டம் 1970இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தது. மணல்வாரி அம்மைத் தடுப்பூசி 1980களின் நடுப்பகுதியிலிருந்து பரவலாயிற்று. வேலூர்க் கல்லூரியே கே.வி. குப்பம் ஒன்றியத்தில் 1977இல் 'ருசா' என்ற ஊரக நல மையத்தைத் தொடங்கியதும், பாகாயத்தை நடுவாகக்கொண்டு கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகச் செல்லும் சமூக நலப் பணியை வளர்த்ததும் இந்தத் திசையில் எடுத்துவைத்த அடிகளே. திருச்சி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1990இல் வெளியான ஆய்வொன்று, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. கண்ணுக்கென்று கொடுத்த சத்து உயிரையே காத்தது என்ற இம்முடிவு, கண் மருத்துவத்தைக் கண்ணோடு மட்டும் நிறுத்திப் பார்த்த பழக்கத்துக்கு விழுந்த அடியும்கூட.

வேலூர் உலகக் கண் மருத்துவத்துக்கு அளித்த மிகத் தனித்துவமான பங்களிப்பு, யாரும் விரும்பித் தேடாத நோயாளிகளிடமிருந்து வந்தது. வட ஆர்க்காடு தொழுநோய் மிகுந்த மாவட்டமாக இருந்தது. கை அறுவை நிபுணரான பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் விரல்கள் நோயால் நேரடியாகச் சிதைவதில்லை, உணர்ச்சியற்றுப் போனதால் காயம்பட்டுக் காயம்பட்டே சிதைகின்றன என்பதை நிறுவினார். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட், கண் மருத்துவத்தில் முன்பயிற்சி ஏதுமின்றி ஷெல் மருத்துவமனைப் பணியில் சேர்ந்து, கிராம முகாம்களில் அறுவை செய்து பழகி, பின்னர் காட்பாடிக்கு அருகிலுள்ள காரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் அதே சிந்தனையைக் கண்ணுக்குப் பொருத்தினார்.

தொழுநோய்க் கிருமி முகத்தில் இரண்டு நரம்புகளைத் தாக்குகிறது. ஒன்று இமையை மூடச் செய்வது. மற்றொன்று கருவிழிக்கு உணர்ச்சி தருவது. முதலாவது கெட்டால் உறக்கத்திலும் கண் திறந்தே இருக்கும். இரண்டாவதும் கெட்டால், விழுந்த தூசு உறுத்தாது, உறுத்தாததால் இமைப்பதும் நின்றுவிடும், இமைக்காத கண் வறண்டு புண்ணாகும், புண்ணும் வலிக்காது. வலி இல்லாததால் நோயாளி மருத்துவரிடம் போவதில்லை. போகும்போது கருவிழி வெண்மையாகியிருக்கும். கைவிரல்கள் உணர்வோடிருக்கும் பார்வையற்றவர் தடவிப் பார்த்தேனும் உலகை அறிந்துகொள்வார். விரலும் மரத்துப்போன தொழுநோயாளருக்கு அந்த வழியும் இல்லாததால், அவருடைய கண்ணைக் காப்பது மற்ற எவருடைய கண்ணைக் காப்பதையும்விட அவசரமானது என்பதே மார்கரெட் பிராண்டின் அடிப்படை வாதமாக இருந்தது.

காரிகிரியில் இதற்குக் கையாளப்பட்ட வழிகளுள் ஒன்று அறுவை. மெல்லும்போது இயங்கும் பொட்டுத் தசையின் ஒரு கீற்றைப் பிரித்து இமைகளுக்குள் செலுத்திக் கட்டிவிட்டால், நோயாளி பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கண் மூடும். நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்க அவர் பழக வேண்டும். அறுவையைவிடப் பரவலாகப் பயன்பட்டவை எளிய பழக்கங்கள்: நாள்தோறும் கண்ணாடியில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, குறிப்பிட்ட வேலைகளைச் செய்யும்போதெல்லாம் வலிந்து இமைப்பது, இரவில் துணியால் கண்ணை மூடிக்கொள்வது, வெயிலிலும் புழுதியிலும் கண்ணாடி அணிவது. இவற்றைக் கற்றுக்கொடுக்க மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற துணை மருத்துவப் பணியாளர் போதும். குடியாத்தம் வட்டத்துக் கிராமங்களில் சைக்கிளில் சென்று தொழுநோயாளரைத் தேடிப்பிடித்த காரிகிரிப் பணியாளர்கள் மூலமாகவே இந்த அறிவு ஊர்களுக்குள் சென்றது. பிராண்ட் தம்பதியர் 1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின், வேலூரில் உருவான இம்முறைகள் மார்கரெட்டின் எழுத்துகள் வழியே பிற நாடுகளுக்கும் பரவின. முகாம் முறைக்கு நேர்மாறான பாதை இது: ஒரே நாளில் நூறு அறுவை என்ற கணக்குக்கு இதில் இடமில்லை, ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் மறவாமல் பார்த்துவருவதே இதன் வேலை.

தோல் தொழிலும் உழவும் தத்தம் பங்குக்குக் கண்களைக் கெடுத்தன. பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த குழிகளில் ஊறவைப்பது டேனரியின் முதற்கட்ட வேலைகளுள் ஒன்று. இவ்விரண்டும் காரப் பொருள்கள். அமிலம் பட்ட திசு உறைந்து, அமிலம் மேலும் உள்ளே செல்வதைப் பெரும்பாலும் தானே தடுத்துவிடும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழத்துக்கு இறங்கும். சுண்ணாம்புத் துகள் இமைக்கடியில் ஒட்டிக்கொண்டால் கழுவிய பின்னும் எரிப்பு தொடரும். கண் தப்புவதும் தப்பாததும் முதல் சில நிமிடங்களில் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே குழிக்கு அருகில் நல்ல தண்ணீர்க் குழாய் இருப்பது எந்தக் கண் நிபுணரைவிடவும் பயன் தரும். நிலத்தடி நீரையே தோல் கழிவுகள் கெடுத்துவிட்ட ஊர்களில் இதுவும் எளிதன்று. பாலாற்றுப் படுகையில் நேர்ந்த அந்தக் கேட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலத் தீர்ப்புகளுள் ஒன்றாகியது.

வயலில் நேர்வது இன்னும் சிறிய காயம். கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல்மணியோ கரும்புத் தோகையோ கருவிழியில் கீறும். தாவரப் பொருளோடு பூஞ்சையும் உள்ளே புகும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் பச்சிலைச் சாறும் விட்டுச் சில நாள் பொறுத்துப் பார்க்கும் வழக்கத்தில் கீறல் புண்ணாகிவிடும். மதுரை மாவட்டத்தில் 1990களில் செய்யப்பட்ட கணிப்பின்படி ஓராண்டில் இலட்சம் பேருக்கு 113 பேர் இத்தகைய கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர். நேபாளத்தின் பக்தப்பூரில் கிராமத் தொண்டர்கள் காயம்பட்ட இரண்டு நாட்களுக்குள் எளிய ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவிப் புண்ணைத் தடுக்க முடியும் எனக் காட்டினர். தமிழகக் கிராமங்களிலும் அம்முறை சோதிக்கப்பட்டது.

முகாமில் அறுவை செய்யும் முறை முடிவுக்கு வந்ததற்குக் காரணமும் ஒரு தொழில்நுட்பமே. ஹரால்ட் ரிட்லி 1949இல் இலண்டனில் முதன்முதலாகப் பொருத்திய செயற்கை வில்லை, நெடுங்காலம் ஏழை நாடுகளின் எட்டாக் கனியாக இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற தன் தொழிற்கூடத்தில் அந்த வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்தப்பட்டால் சோடாபுட்டிக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் அதற்கு நுண்ணோக்கியும், அரவை ஆலையில் எதிர்பார்க்க முடியாத தூய்மையும் தேவை. தற்காலிக அறுவைக் கூடங்களில் நாட்டின் பல பகுதிகளில் நேர்ந்த கூட்டுத் தொற்றுகளும் அச்சமூட்டின. உலக வங்கி உதவியுடன் 1994 முதல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தின் காலத்திலேயே, முகாமில் சோதனை மட்டும் செய்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துவந்து, உணவளித்து, அறுவைக்குப் பின் திரும்பக் கொண்டுவிடும் முறை நிலைபெற்றது. முகாம் வாசலுக்கு வருவது நிற்கவில்லை. கத்தி மட்டும் மருத்துவமனைக்குத் திரும்பியது. நோயாளியின் பயணச் செலவை ஏற்பதும் மருத்துவச் செலவின் பகுதியே என்பது ஒருவழியாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

எண்கள் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன, எச்சரிக்கையோடு படித்தால். 1986–89 தேசியக் கணிப்பில் இந்திய மக்கள்தொகையில் 1.49 விழுக்காடாக இருந்த பார்வையிழப்பு, 2015–19 கணிப்பில் 0.36 விழுக்காடாகப் பதிவாயிற்று. இடையில் பார்வையிழப்பின் வரையறையே 6/60 என்பதிலிருந்து 3/60 என்று, அதாவது ஆறு மீட்டருக்குப் பதில் மூன்று மீட்டரில் நின்றும் பெரிய எழுத்தைப் படிக்க இயலாமை என்று, கடுமையாக்கப்பட்டதால் இந்த வீழ்ச்சி முழுவதையும் மருத்துவத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தும் வீழ்ச்சி உண்மையானதே. அதே கணிப்பில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டுக்குப் புரையே இன்னமும் காரணம். புரை அறுவையால் நேர்ந்த சிக்கல்கள் மட்டும் 7.2 விழுக்காடு.

புரை விலகத் தொடங்கியதும் அதன் பின்னால் நின்றவை தெரிந்தன. வேலூர் நகரில் 30 முதல் 60 வயதுவரை உள்ள 972 பேரைச் சோதித்து 1998இல் வெளியான வேலூர் ஆய்வு அவற்றுள் ஒன்றைக் காட்டியது. கண்ணின் உள்ளழுத்தத்தோடு தொடர்புடைய குளுகோமா பார்வை நரம்பைச் சத்தமின்றி அரித்து அழிப்பது; போன பார்வை திரும்பாது. மேற்கத்திய நூல்கள் பெரும்பான்மையெனக் கூறிய திறந்த கோண வகை இங்கே ஆயிரத்தில் நால்வரிடமே இருக்க, கண்ணுக்குள் நீர் வடியும் மூலை குறுகி அடைபடும் மூடிய கோண வகை ஆயிரத்தில் நாற்பத்துமூன்று பேரிடம் இருந்தது. கோணம் குறுகியிருந்தும் நோய் தோன்றாதவர்களை ஐந்தாண்டு கழித்து மீண்டும் பார்த்தபோது, ஐவரில் ஒருவருக்கு மேல் அடுத்த கட்டத்துக்குச் சென்றிருந்தனர். கைவிளக்கை அடித்துப் புரையை மட்டும் தேடிய முகாம்களில், பார்வை நன்றாகவே தெரிந்த இத்தகையோர் மருந்துச் சீட்டுக்கூட இல்லாமல் வீடு திரும்பியிருப்பர்.

இவற்றிலெல்லாம் எளியதும் அதனாலேயே கடைசியாகக் கவனிக்கப்பட்டதும் வெள்ளெழுத்து. நாற்பது வயதளவில் கண் வில்லை நெகிழ்ச்சியை இழக்க, கைக்கெட்டும் தொலைவில் உள்ளது மங்குவதே அது. அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து 1970களில், பாதி மட்டும் பதமிடப்பட்ட அரைப்பதத் தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டதும், ஆம்பூர் வட்டாரம் முழுமையான தோலுக்கும் காலணிக்கும் மாறியது. 'அப்பர்' எனப்படும் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் ஆலைகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்கு வந்தனர். குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றுவோரும் பெண்களே. ஊசி முனையிலும் தையல் விளிம்பிலும் கண் பதிய வேண்டிய இவ்வேலைகளில், ஒரு சாதாரணக் கண்ணாடி இல்லாமை கூலியைத் தொடும். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான சோதனை, கிட்டப் பார்வைக் கண்ணாடி அணிந்தோரின் கொழுந்து பறிப்பு, அணியாதோரைவிட 21.7 விழுக்காடு கூடியதைக் கண்டது; வங்கதேசக் கிராமங்களில் நடந்த மற்றொரு சோதனை 2024இல் வருமானமே மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் காட்டியது. தொலைப் பார்வையை மட்டும் அளக்கும் 3/60 கணக்கில், ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரி பார்வைக் குறையுள்ளவராக வருவதில்லை. அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில், தேவைப்படுவோருக்குச் சரியான கண்ணாடி கிடைத்துள்ளதா என்பதையும் ஓர் அளவாக வைத்து, 2030க்குள் அதை 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தும் இலக்கை உலக சுகாதாரப் பேரவை 2021இல் ஏற்றுக்கொண்டது.